தேரும் பெயரும்

கார் பிரியர்கள் இருவர் சேர்ந்தால் பேச்சு சிறிது நேரத்தில் பிராண்டில் வந்து நிற்கும். மாருதி என்றால் மைலேஜ், ஊருக்கு ஊர் சர்வீஸ், விற்கும்போது நல்ல விலை, ஆனால் தகரம் என்பார்கள். டாடா இரும்பு, ஆனால் ஏதாவது ஒரு சின்னக் கோளாறு கூடவே வரும் என்பார்கள். டொயோட்டா சாகாது. ஃபோக்ஸ்வாகன் ஓட்டச் சுகம், பராமரிக்கச் செலவு. எந்த ஆண்டில் எந்த ஆலையில் செய்த எந்த மாடல் என்ற விவரம் இந்தத் தீர்ப்புகளில் வருவதில்லை. பெயருக்கென்று ஓர் இயல்பு உண்டு, அந்தப் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு வண்டிக்குள்ளும் அது இறங்கியிருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அப்படி ஓர் இயல்பு உண்மையில் உண்டா? உண்டென்றால் அதை எப்படி அறிவது? இந்தியத் தத்துவ மரபு இரண்டையும் வெகுகாலம் அலசியிருக்கிறது. முதல் கேள்விக்கு அது எடுத்துக்கொண்ட உதாரணமே ஒரு வண்டிதான்.

முதல் கேள்வியைத் தாமாகவே எழுப்பிவிடும் கார்கள் இந்தியச் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. 2019 ஜூனில் டொயோட்டா வெளியிட்ட கிளான்ஸா, மாருதி சுசுகி பலேனோவின் மறுபெயர். குஜராத்தின் ஹன்சல்பூரில் உள்ள சுசுகி ஆலையில் இரண்டும் உருவாயின. சின்னமும் முன்பக்கக் கிரில்லும் மாறின, எஞ்சின் மாறவில்லை. 2022இல் இது தலைகீழானது. கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையிலிருந்து ஹைரைடர் டொயோட்டா பெயரிலும் கிராண்ட் விட்டாரா மாருதி பெயரிலும் வந்தன. ஒரகடத்தில் ரெனோ டஸ்டரும் நிஸான் டெரானோவும் ஒரே கூரையின் கீழ் பிறந்தன. 2019இல் வந்த எம்ஜி ஹெக்டரின் கதை இன்னும் விசித்திரமானது. பிரிட்டனில் 1920களில் தொடங்கிய எம்ஜி, 2005இல் எம்ஜி ரோவர் நொடித்தபோது ஒரு சீன நிறுவனத்திடம் போய், பிறகு ஷாங்காயின் சாய்க் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஹெக்டர் சீனாவில் பாவ்ஜுன் 530, இந்தோனேசியாவில் வூலிங் அல்மாஸ், கொலம்பியாவிலும் தாய்லாந்திலும் ஷெவ்ரலே காப்டிவா. இந்தியாவில் அது பிரிட்டிஷ் பாரம்பரியம் என்ற விளம்பரத்தோடு விற்றது.

இதைவிடவும் கூர்மையான உதாரணம் ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின். ஃபியட் புன்டோவில் இருந்த அதே எஞ்சின் மாருதி ஸ்விஃப்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது. பிரியர்கள் பாதி கேலியும் பாதி மரியாதையுமாக அதைத் தேசிய எஞ்சின் என்றார்கள். ஃபியட்டா, வேண்டவே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் ஸ்விஃப்ட் டீசலுக்கு முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டியின் இதயம் என்று அவர்களே சொல்லும் உறுப்பு ஃபியட்டுடையது. ஆனாலும் வண்டி அவர்களுக்கு மாருதிதான்.

அப்படியானால் மாருதி எங்கே இருக்கிறது? கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாக மிலிந்தபஞ்ஹம் சொல்லும் உரையாடலில் இதே கேள்வி வருகிறது. மன்னன் தேரேறி வந்ததாகச் சொல்கிறான். அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா, நுகமா, கடிவாளமா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே பதில் வருகிறது. உறுப்புகளுக்கு வெளியே தனியாகத் தேர் என்று ஒன்று இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உறுப்புகள் ஒரு முறையில் சேர்ந்திருக்கும்போது வழங்கும் பெயரே தேர் என்பது முடிவு. ஆளுக்கும் அப்படியே, நாகசேனர் என்பதும் ஒரு பெயர்தான். பிராண்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விடை இன்னும் சுருக்கமாகிவிடும். தேருக்காவது உறுப்புகள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. பிராண்டுக்கு அந்தக் கூட்டமும் கிடையாது.

பெயர் எவ்வளவு தூரம் தனியாகப் பயணம் செய்யும் என்பதற்கு அம்பாசடர் சாட்சி. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 2017இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. அச்சும் இல்லை, சக்கரமும் இல்லை, ஆனால் விலை உண்டு. நாகசேனர் இந்த விற்பனையை ரசித்திருப்பார்.

ஆனால் நாகசேனரோடு நியாய மரபு உடன்படவில்லை. உறுப்புகளின் கூட்டம் வேறு, உறுப்புகளால் ஆன முழுப்பொருள் வேறு என்பது நையாயிகர்களின் கட்சி. அந்த முழுப்பொருளை அவர்கள் அவயவி என்பார்கள். அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று எளிமையானது: ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுதும் வருகிறது. வெறும் குவியலில் இது நடக்காது. பழுதாகி நிற்கும் காரின் இழுவைக் கொக்கியில் கயிறு கட்டி இழுத்தால் கொக்கி மட்டும் கையோடு வருவதில்லை. ஆகவே கார் என்பது வெறும் பெயரல்ல என்று வாதிட இடமிருக்கிறது. பிராண்டுக்கு இந்தச் சோதனையை வைத்தால் என்ன ஆகும்? ஒரு பலேனோவை இழுத்தால் ஊரிலுள்ள மற்ற பலேனோக்கள் நகரப்போவதில்லை.

இருந்தும் பிராண்டில் ஏதோ ஒன்று இழுபடத்தான் செய்கிறது. கிளான்ஸா வந்தபோது அதற்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. அதே காலத்தில் பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். இரும்பு ஒன்றுதான், வாக்கு இரண்டு. 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம் என்று மாருதி தன் சில மாடல்களில் 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதையொட்டி டொயோட்டாவும் 1,390 கிளான்ஸா, ஹைரைடர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. குறை பெயர்களைப் பொருட்படுத்தவில்லை, உறுப்பு போன இடமெல்லாம் கூடவே போயிற்று. பொறுப்போ பெயரைப் பிடித்துக்கொண்டு போனது. அவரவர் வாடிக்கையாளருக்கு அவரவர் கடிதம் அனுப்பினார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்து, மறைமலைநகர் ஆலையும் அடுத்த ஆண்டு ஓய்ந்தபோது, உரிமையாளர்கள் முதலில் கேட்டது உதிரிபாகமும் சர்வீஸும் தொடருமா என்றுதான். தொடரும் என்றது நிறுவனம். செய்கிறவர் போன பிறகும் பெயரில் மீந்திருந்தது அந்த வாக்கு.

இதிலிருந்து பிராண்டின் இருப்பை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். அது உலோகத்தில் ஒட்டியிருக்கும் குணமல்ல, வெறும் காற்றுமல்ல. ஒரு நிறுவனம் தன் பெயரில் ஏற்றுக்கொண்டு, காலப்போக்கில் காப்பாற்றியோ கைவிட்டோ வரும் கடப்பாடுகளின் தொடர்ச்சி அது. தொடர்ச்சி என்ற கருத்து நாகசேனரிடமே உண்டு. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று அவர் மன்னனைக் கேட்கிறார். ஒன்றல்ல, ஆனால் வேறு விளக்கும் அல்ல. மாருதி சாகாமல் இருப்பதும் எம்ஜி மறுபிறவி எடுத்ததும் இந்த வகையில்தான். ஆனால் எம்ஜியின் விஷயத்தில் சுடர் தொடர்ந்ததா, விளக்குத்தண்டு மட்டும் கைமாறியதா என்று சந்தேகிக்க நியாயமுண்டு.

தொடர்ச்சிக்கு நீதிமன்றத் தீர்ப்பே ஒன்று இருக்கிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரை ஓல்டு நம்பர் ஒன் என்பார்கள். பின்னர் அதற்கு 8 லிட்டர் எஞ்சின் பொருத்தினார்கள். 1932இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதன்பின் உடல் கூடு உட்பட மீண்டும் மீண்டும் மாற்றங்கள். 1 கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், இது அந்த கார் அல்ல என்று பின்வாங்கியது. லெ மானில் ஓடியபோது இருந்த உறுப்புகளில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. 1990இல் நீதிபதி ஆட்டன் அளித்த தீர்ப்பு விற்றவர் பக்கம் நின்றது. இது பந்தயத்தை வென்ற நிலையிலுள்ள ஸ்பீட் சிக்ஸ் அல்ல. ஆனால் இடையறாத வரலாற்றோடு படிப்படியாக மாறி வந்த, அசலான ஓல்டு நம்பர் ஒன்தான் என்றார் அவர். உறுப்புகளைப் பிரித்து எண்ணியிருந்தால் அந்த முடிவு வந்திருக்காது.

இனி இரண்டாவது கேள்வி: ஒரு பிராண்டைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ ஒருவர் சொல்வது எப்படித் தெரிந்தது? அறிவைப் பெறும் வழியைத் தமிழ் மரபு அளவை என்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறியும் மணிமேகலையிடம் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். நேரில் அறியும் காண்டலும், காரணம் கொண்டு ஊகிக்கும் கருதலும், உவமமும் ஆகமமும் அவற்றில் உண்டு. ஐதிகமும் உண்டு. ஐதிகம் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதால் நம்புவது அதற்கு உதாரணம். கார் பேச்சில் புழங்கும் அறிவின் பெரும்பகுதி இந்த ரகம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாடலில் வந்த கிளட்ச் கோளாறு, அந்த மாடல் நின்றுபோய் எஞ்சினும் மாறிய பிறகும் அந்தப் பெயரின் மரத்தில் குடியிருக்கும்.

ஆகமம், அதாவது நம்பத்தக்கவரின் சொல், இதைவிட மேலானது. பொருளை நேரே அறிந்து, அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புகிறவரே நம்பத்தக்கவர் என்றார் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர். முனிவருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சேர்த்தார். ஆகவே தெருமுனை மெக்கானிக்கும் நம்பத்தக்கவராகலாம். ஆனால் அவர் பார்ப்பது பழுதான வண்டிகளை மட்டுமே. அதிகம் விற்ற மாடல்தான் அவர் கொட்டகைக்கு அதிகம் வரும். அதனால் அதுவே அதிகம் கெடுவதாக அவருக்குத் தோன்றலாம். உரிமையாளரின் காண்டலோ ஒரே ஒரு வண்டியோடு முடிந்துவிடுகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தங்கள் அளவை எட்டாத தூரத்துக்குத் தீர்ப்பை நீட்டுகிறார்கள்.

கருதல் அளவை எப்படிச் சறுக்கும் என்பதற்கு இந்தியாவின் விபத்துச் சோதனை வரலாறு நல்ல பாடம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. ஐந்துக்கும் பூஜ்யம். ஐந்து வெவ்வேறு பெயர்கள், ஜெர்மானியப் பெயர் உட்பட. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் விவாதம் இரு கட்சியாயிற்று. கனமான வண்டி பாதுகாப்பானது, கதவு தொப்பென்று சாத்தினால் உறுதி, தகடு விரலுக்கு அமுங்கினால் ஆபத்து என்ற ஏதுக்கள், அதாவது ஊகத்துக்கான காரணங்கள், கிளம்பின. ஏது எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் முடிவும் இருக்க வேண்டும். முடிவு இல்லாத இடத்திலும் ஏது காணப்பட்டால் அது அநைகாந்திகம் என்ற ஏதுப்போலி. சேஸிஸ் மேல் கட்டிய கனத்த மஹிந்திரா ஸ்கார்பியோ 2016 சோதனையில் பூஜ்யம் வாங்கியது. ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள மாருதி டிசையர் 2024இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எடை என்ற ஏது இரண்டு இடத்திலும் வழுக்கிவிட்டது. பயணியைக் காப்பது வெளித்தகட்டின் தடிமனல்ல. கூண்டின் வலிமையும், முன்பகுதி திட்டமிட்டபடி நசுங்குவதும், பெல்ட்டும், ஏர்பேக்கும். கதவின் ஓசை பொறியாளர்கள் மெனக்கெட்டு இசைவிப்பது. பிராண்டை ஏதுவாக வைத்தாலும் கதி அதேதான். மாருதியில் 2020இல் எஸ்-பிரஸ்ஸோ பூஜ்யம், 2018இல் விட்டாரா பிரெஸ்ஸா நான்கு, மேலே சொன்ன டிசையர் ஐந்து. ஒரே பெயருக்குள் மூன்று முடிவு.

சான்றுகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் சண்டை ஓய்வதில்லை என்பதற்கு விளக்கம், அந்தப் பேச்சு எந்த வகை என்பதில் இருக்கிறது. அட்சபாத கௌதமரின் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் நோக்கில் இரு தரப்பும் அளவைகளோடு நடத்துவது வாதம். வெற்றி மட்டுமே நோக்கமாக, சொற்புரட்டையும் போலி மறுப்பையும் கலந்து நடத்துவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல் எதிராளியைக் கவிழ்ப்பது விதண்டை. எந்த வண்டி வாங்குகிறீர்கள் என்று சொல்லாமல் எல்லோர் வண்டியையும் பழிக்கும் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். மூன்றாம் வகைக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

ஜல்பத்தின் கருவிகளில் ஒன்று சலம், ஒருவர் ஒரு பொருளில் சொன்னதை வேறு பொருளில் எடுத்து மறுப்பது. பில்ட் நன்றாயிருக்கிறது என்று ஒருவர் மோதல் உறுதியைச் சொல்வார். மற்றவர் டேஷ்போர்டு இடுக்குகளையும் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பையும் காட்டி, இதுவா பில்ட் என்பார். இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், ஒரே விஷயத்தைப் பேச மாட்டார்கள். நியாய சூத்திரம் எண்ணும் 22 தோல்வித்தானங்களில் பிரதிஞ்ஞாந்தரமும் ஒன்று: எடுத்த கட்சி முறிந்ததும் சத்தமில்லாமல் வேறு கட்சிக்குத் தாவுவது. பாதுகாப்பில் தோற்றவர் மைலேஜுக்கும், மைலேஜில் தோற்றவர் மறுவிற்பனை விலைக்கும், அதிலும் தோற்றவர் நாட்டுப்பற்றுக்கும் தாவுவது அன்றாடக் காட்சி. பழைய விதிப்படி முதல் தாவலிலேயே ஆட்டம் முடிந்திருக்கும். ஆனால் நியாய சூத்திரம் ஜல்பத்தை அடியோடு தள்ளவில்லை. முளைக்கு முள்வேலி போல, உண்மையைக் காக்க அதற்கும் இடமுண்டு என்கிறது. ஏர்பேக் தேவையில்லை, ஊருக்குள் ஓட்ட அது எதற்கு என்று விற்பனையாளர்களே சொல்லிவந்த நாட்களில், பாதுகாப்பைப் பற்றி ஓயாமல் கத்தியவர்களின் முரட்டுப் பேச்சு அப்படி ஒரு வேலியாகத்தான் நின்றது.

ஏன் ஜல்பத்தில் இவ்வளவு வேகம் என்பதற்கு 1957இல் அமெரிக்காவில் வந்த ஓர் உளவியல் ஆய்வு சிறிய சான்று தருகிறது. புதிதாக கார் வாங்கியவர்கள், யோசித்துவிட்டுக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட, தாங்கள் வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தையே அதிகம் படித்தார்கள். வாங்குவதற்கு அல்ல, வாங்கியது சரி என்று தேறுவதற்கு. நடுத்தரக் குடும்பத்தில் வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார். ஐந்து அல்லது ஏழு ஆண்டுத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மாடலைக் குறை சொல்வது, வாங்கியவரின் அறிவைக் குறை சொல்வதாகக் காதில் விழுகிறது. எனது என்ற பற்று நான் என்ற எண்ணத்துக்குக் காவல் நிற்பதை இந்தியச் சமயங்கள் பலவும் சொல்லியிருக்கின்றன. பௌத்தம் ஒருபடி மேலே போய், காவல் காக்கப்படும் அந்த நானே தேரைப் போன்ற பெயர்தான் என்றது. பிராண்டுக்காக மூளும் கோபத்தில் ஒரு பெயர் இன்னொரு பெயருக்காகப் போராடுகிறது.

இந்தப் பகுப்பாய்வுக்குள் முழுதும் அடங்காதது ஓட்டும் சுகம். ஃபியட் புன்டோவின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை இன்றும் சிலாகிப்பவர்கள் உண்டு. சாலையின் மேடுபள்ளம் கைக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். இன்றைய எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குகளில் மோட்டார் உதவுகிறது. திருப்புவது இலகு, தெரிவது குறைவு. எது நல்லது என்பதை மோதல் சோதனை போல எண்ணால் தீர்க்க முடியாது. நெரிசலில் தினமும் வளைத்து நெளித்து ஓட்டுகிறவருக்கு இலகுவே சுகம். மலைப்பாதையில் வளைவைக் கையால் உணர விரும்புகிறவருக்குக் கனமே சுகம். ஆனாலும் இது வெறும் விருப்பு வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. புன்டோவைப் புகழ்கிறவர் அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்று காரணம் காட்டுகிறார். ஓட்டிப் பார்க்கும் மற்றவர், தனக்கு அது பிடிக்காமலே, அவர் சொன்னது அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் முடிகிறது. காண்டலைப் பகிர்ந்துகொண்டு பேசும் இந்தப் பேச்சில் பிராண்டின் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. இந்த வளைவில், இந்த வேகத்தில், இந்த வண்டி என்றே அது போகிறது.